பறவைக்குக் காதுமடல் போன கதை

பறவைகளுக்கெல்லாம் காதுமடல் இருந்த அந்தக் காலத்தில், தெற்கே கடலும் சேறும் உப்புவெளியும் கலந்து கிடந்த ஒரு கரையில் உவரி என்ற உப்புக்கொத்திக் குருவி வாழ்ந்துவந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உருவம். மண் நிற முதுகு, வெள்ளை வயிறு. ஓடினால் கால் இருப்பதே தெரியாது. வாய் மட்டும் உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாது. யாராவது தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், அலகில் பிடித்த புழுவைக் கீழே வைத்துவிட்டு வாதாட வந்துவிடுவாள். புழு நழுவிப் போய்விடும். அவள் கவலைப்பட மாட்டாள்.

காதுமடல் என்றதும் சின்னதாக நினைத்துவிட வேண்டாம். சின்னப் பறவைக்கு வெற்றிலைக் கொழுந்து அளவு, பெரிய பறவைக்கு அல்லியிலை அளவு. கேட்பது பிடித்திருந்தால் மடல் நிமிரும். பிடிக்காவிட்டால் மடங்கிக் காதை இறுக மூடிக்கொள்ளும். யாருடைய மடல் எவ்வளவு சீக்கிரம் மடங்குகிறதோ அவருக்கு அவ்வளவு நல்ல ரசனை என்று கரையில் பேர். கல்யாணப் பேச்சில்கூடப் பையனுக்கு மடல் எப்படி மடங்கும் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். பையன் மீன் பிடிப்பானா என்பது பிறகுதான்.

குளிர்காலம் வந்தால் எங்கெங்கிருந்தோ பறவைகள் அந்தக் கரையில் வந்து இறங்கும். ஒருவர் வீட்டுப் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக அலைப்பேச்சு என்று ஒன்று இருந்தது. அது கடற்காகங்களின் பேச்சு. ஒரு சமயம் அவை வடகடலிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து, இந்தக் கரை முழுவதும் எங்களுடையது என்று சொல்லி ஆண்டுவிட்டு, மீன் குறைந்ததும் கிளம்பிப் போயின. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. தங்கிய பேச்சை அவரவர் தொண்டைக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள். பூநாரைகள் அதை மூக்கால் பேசின. உள்ளான்கள் மூச்சுவிடாமல் பேசின. நத்தைகுத்தி நாரைகள் ஒவ்வொரு சொல்லின் வாலையும் விழுங்கின. உவரியின் இனத்தார் ஓடிக்கொண்டே பேசுகிறவர்கள், ஆகவே வெட்டி வெட்டிப் பேசினார்கள். எல்லாம் அலைப்பேச்சுதான். யார் நண்டு என்று சொன்னாலும் கேட்பவர் கண்ணில் நண்டுதான் தெரியும். ஆனால் மடல் நிமிர்வது கடற்காகம் மாதிரியே பேசுகிறவர்களுக்கு மட்டும்தான்.

இதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இருந்திருக்காது, காவல் என்ற ஒன்று இல்லாதிருந்தால். நரி வரும்போது தனிப் பறவை எதுவும் செய்துவிட முடியாது. காவல் குரல் கேட்டவுடன் கரையிலுள்ள எல்லோரும் ஒன்றாக எழுந்து, அதன் தலைக்கு மேல் சுழன்று சுழன்று கத்த வேண்டும். அப்போதுதான் அது மிரண்டு திரும்பும். அதற்காக ஆண்டுதோறும் செவிச்சபை கூடிக் காவல் பறவையைத் தேர்ந்தெடுக்கும். சபைத் தலைவர் நெட்டையார் என்ற பூநாரை.

அந்த ஆண்டு உவரியும் காவல் பதவிக்கு நின்றாள். காரணம் இருந்தது. உப்புவெளியின் நடுவே, நிழலோ மறைவோ இல்லாத வெறுந்தரையில், அவள் முட்டையிட்டிருந்தாள். அவள் இனத்துக்கு அதுதான் வழக்கம். நரி எந்தப் பக்கம் குனிந்து வரும், எந்த மேட்டில் நின்று மூக்கைத் தூக்கும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதைச் சபையில் சொன்னாள். பாதி சொல்வதற்குள் மடல்கள் மடங்கிவிட்டன.

"ஒண்ணும் புரியலையேம்மா," என்றார் நெட்டையார். "உப்புக் கரிக்குது பேச்சு."

"எது புரியலைன்னு சொல்லுங்க. அந்தச் சொல்லை மறுபடி சொல்றேன்."

"எதுன்னு சொல்லணும்னா, முதல்ல அது புரியணும் இல்லையா?"

சபை சிரித்தது. காவல் கரிச்சானுக்குப் போயிற்று. கறுப்பு உடம்பும் பிளந்த வாலுமாக இருந்த கரிச்சான் எந்தக் குரலையும் திருடக்கூடியவன். அவன் வாயைத் திறந்தால் கடற்காகமே வந்து நிற்கிறது என்று தோன்றும். அவன் கூடு மரத்தின் உச்சியில் இருந்தது. நரியைப் பற்றி அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. பசித்தால் மட்டும் "பருந்து, பருந்து" என்று அழகாகக் கூவுவான். எல்லோரும் இரையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவன் நிதானமாக இறங்கிப் பொறுக்கித் தின்பான். பருந்து வராததைப் பார்த்துவிட்டு, "தப்பு யாருக்கும் நடக்கும். ஆனா எவ்வளவு சுத்தமாச் சொன்னான் பாத்தீங்களா," என்பார்கள்.

ஒரு நாள் விடியும் நேரத்தில் நரி மேற்கு மேடு வழியாக வந்தது. கரிச்சான் தட்டான் பிடிக்கப் போயிருந்தான். உவரி கண்டுவிட்டாள். "மேற்கு மேட்டுல நரி. குனிஞ்சு வருது. எல்லாரும் எழுந்திருங்க," என்று தொண்டை கிழியக் கத்தினாள். கரை நெடுக மடல்கள் மடங்கின. யாரும் எழவில்லை. உவரியின் முட்டைகள் மண்ணோடு மண்ணாகத் தெரிந்ததால் நரி அவற்றைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆலா என்ற கடற்பறவையின் குஞ்சுகளைத் தின்றுவிட்டுப் போனது.

வெயில் ஏறியதும் சபை கூடியது. ஆலாவும் வந்திருந்தாள். ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெட்டையார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. உவரி மேல எனக்குக் கோபமில்லை. தெளிவாச் சொல்லியிருந்தா நாங்க எழுந்திருப்போம். அவ தொண்டை அப்படி, அவ என்ன பண்ணுவா."

உவரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சபையின் நடுவே ஓடி வந்து நின்றாள்.

"என் தொண்டையைப் பத்திப் பேசினது போதும். உங்க காதைப் பத்திப் பேசுவோம். ஒரு பந்தயம். தாழம்புதருக்குப் பின்னால கரிச்சான் அண்ணனும் நானும் உக்காருறோம். முதல்ல அவரு, அப்புறம் நான். ரெண்டு பேரும் ஒரே சேதியைச் சொல்றோம். என் பேச்சு நிஜமாவே புரியாத பேச்சுன்னா, நான் இனிமே அலைப்பேச்சுல வாயே திறக்க மாட்டேன். என் முட்டைக்கு என்ன ஆனாலும் உங்களைக் கூப்பிட மாட்டேன்."

"புரிஞ்சிட்டா?" என்றார் நெட்டையார்.

"உங்க மடல் எனக்கு. வெட்டிக் கொடுத்துடணும்."

சபைக்கு வேடிக்கையாக இருந்தது. ஜெயிக்கப்போகிற பந்தயம்தானே என்று ஒப்புக்கொண்டார்கள். கால் வலிக்கு ஓய்வெடுக்க அன்று கரையில் இறங்கியிருந்த ஒரு கடற்காகத்தைச் சாட்சியாகப் புதருக்குப் பின்னால் அனுப்பினார்கள். அதைவிடப் பெரிய சாட்சி அவர்களுக்கு வேறு யார்?

புதருக்குப் பின்னால் போனதும் உவரி ஒரு கொழுத்த தட்டானைக் கரிச்சான் முன்னால் போட்டாள். "இதைத் தின்னுங்கண்ணே. உங்க முறைக்கும் நானே பேசிக்கிறேன்."

கரிச்சான் அவளை ஏறிட்டுப் பார்த்தான். விஷயம் அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "எந்தக் குரலுக்கு எத்தனை மடல் நிமிரும்னு எனக்கு அத்துப்படி," என்று மெல்லச் சொன்னான். "நீ பேசு. எனக்கும் பாக்கணும்போல இருக்கு." தட்டானைக் கவ்விக்கொண்டான்.

"கரிச்சான் பேசலாம்," என்று நெட்டையாரின் குரல் வந்தது.

உவரி தன் சொந்தக் குரலில், வழக்கம்போல வெட்டி வெட்டிச் சொன்னாள். "மேற்கு மேட்டுல நரி. குனிஞ்சு வருது. எல்லாரும் எழுந்திருங்க."

அந்தப் பக்கம் மடல்கள் சரசரவென்று நிமிர்ந்தன. "ஆகா," என்றார் நெட்டையார். "ஒவ்வொரு சொல்லும் கழுவி எடுத்து வெச்ச மாதிரி இல்ல?" பக்கத்திலிருந்த நாரை, கண்ணை மூடிக்கொண்டால் வடகடலிலேயே இருப்பதுபோல் இருக்கிறது என்றது. அது வடகடலைப் பார்த்ததே இல்லை.

"இப்ப உவரி."

உவரி அதையே சொன்னாள். அதே குரல், அதே வேகம். "மேற்கு" என்பதற்குள் மடல்கள் மடங்கிவிட்டன.

"எதையோ கடிச்சுக்கிட்டே பேசுற மாதிரி இருக்கு," என்றார் நெட்டையார். "எந்தத் திசைன்னு சத்தியமாப் புரியலை. சாட்சி வரலாம்."

கடற்காகம் புதரைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். பின்னாலேயே கரிச்சான் வந்தான், தட்டானின் இறக்கை இன்னும் அலகில் ஒட்டியிருந்தது.

"ரெண்டு தடவையும் பேசினது அந்தப் பொண்ணுதான்," என்றாள் கடற்காகம். "எனக்கு ரெண்டு தடவையும் புரிஞ்சுது. உங்களுக்கு ஏன் ஒரு தடவை மட்டும் புரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியலை. கரிச்சான் பேசுற மாதிரிதான் நாங்க எல்லாரும் பேசுவோம்னு வேற நினைச்சிட்டு இருக்கீங்கபோல. எங்க ஊர்ல ஒரு பாறைக்காரி பேசினா அடுத்த பாறைக்காரி மடலை மடக்குவா."

நெட்டையார் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார்.

"அப்படின்னா," என்று இழுத்தார், "முதல் தடவை நீ கொஞ்சம் முயற்சி எடுத்துப் பேசியிருக்கேம்மா. அதே முயற்சியை எப்பவும் எடுத்தா நல்லதுதானே."

"முதல் தடவை முயற்சி எடுத்தது நான் இல்லை, நெட்டையாரே. நீங்க."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். நெட்டையார் தலையைத் தாழ்த்தி, சபையோடு கொஞ்ச நேரம் கிசுகிசுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"சரி, எங்க பேர்ல தப்பு. ஒத்துக்கிறோம். இனிமே உன் குரலுக்கு மடக்க மாட்டோம். அதான் தெரிஞ்சுபோச்சே, அது போதாதா? வெட்டுறது கிட்டுறது எல்லாம் எதுக்கு?"

உவரி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆலா எழுந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள் நேராகச் சேற்று ஓரத்துக்குப் போய், ஒரு நண்டு வளையின் வாசலில் தலையைச் சாய்த்துப் படுத்தாள்.

"வெட்டு," என்றாள்.

நண்டு கொடுக்கை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. "நிஜமாவா? அப்புறம் ஒட்டிக் கொடுன்னு கேக்கக் கூடாது."

"என் குஞ்சுகளை நரி தின்னுச்சு. ஆனா எழுந்திருக்க விடாம என்னைக் கட்டிப் போட்டது இதுதான். வெட்டு."

நண்டு வெட்டியது. ரத்தம் சொட்ட ஆலா எழுந்தபோது, மேற்கு மேட்டில் நரி நின்றுகொண்டிருந்தது. காலையில் கிடைத்த ருசி அதைத் திரும்ப இழுத்து வந்திருந்தது. இந்தத் தடவை தரையை முகர்ந்தபடி உவரியின் முட்டைகளை நோக்கியே வந்தது.

"மேற்கு மேட்டுல நரி," என்று கத்தினாள் உவரி. "எழுந்திருங்க."

என்ன நடந்தது தெரியுமா? மடல்கள் மடங்கின. தப்பை ஒத்துக்கொண்டு, இனிமேல் மடக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. யாரும் வேண்டுமென்று மடக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அவை தாமாகவே மடங்கின, பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். நெட்டையார் தன் மடலை இறக்கையால் தூக்கிப் பிடிக்கப் பார்த்தார். நிற்கவில்லை.

ஆலா மட்டும்தான் கேட்டாள். எழுந்தாள். நரியின் தலைமேல் அம்பு மாதிரி விழுந்தாள். கீழே உவரி நரியின் மூக்குக்கு நேராக ஓடி, இறக்கை ஒடிந்தவள்போல் புரண்டு அதை இழுக்கப் பார்த்தாள். நரி இரண்டு பேரையும் பொருட்படுத்தவில்லை. ஒரு முட்டையைக் கடித்து உடைத்தது. அப்போதுதான் சுழலும் ஆலாவைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கரையிலிருந்தவர்கள் எழத் தொடங்கினார்கள். பூநாரைகள், உள்ளான்கள், நாரைகள், நொண்டும் கடற்காகம்கூட. வானத்தையே மூடிக்கொண்டு எல்லோரும் கத்தினார்கள். கரிச்சான் நரியின் முதுகிலேயே கொத்தினான். நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

உவரி திரும்பி வந்து பார்த்தாள். இரண்டு முட்டைகள் மிச்சம் இருந்தன. உடைந்த முட்டையின் ஓட்டை அலகால் தள்ளிவிட்டு, அவற்றின்மேல் உட்கார்ந்தாள்.

நெட்டையார் அவள் பக்கத்தில் வந்து நின்றார். நெடிய கழுத்தை அவள் உயரத்துக்கு வளைத்தார்.

"தெரிஞ்சா போதும்னு நினைச்சேம்மா."

"போதாது," என்றாள் உவரி. "பந்தயத்தைக் கொடுங்க."

அவர் நண்டு வளைக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் நாரை, நாரைக்குப் பின்னால் உள்ளான்கள். சாயங்காலம் வரை வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. நண்டுக்குக் கொடுக்கு மரத்துப்போய்விட்டது. எனக்குக் காதே கிடையாது, யார் பேசினாலும் ஒன்றுதான் என்று பெருமை பேசிக்கொண்டே வெட்டியது. உவரியும் கடைசியில் போய்த் தன் மடலை வெட்டிக்கொண்டாள். உள்ளான்கள் பேசும்போது தன்னுடையதும் லேசாக மடங்கும் என்று அவளுக்குத் தெரியும். வெட்டிய மடல்கள் என்ன ஆயின என்று கேட்கக் கூடாது, நண்டின் வளைக்குள் போனது எதுவும் வெளியே வந்ததில்லை. பகலெல்லாம் தூங்கி எழுந்த கொம்பன் ஆந்தை, எல்லோருக்கும் பிறகு வந்து வெட்டிக்கொண்டது. ஆனால் பழைய கௌரவத்தை விட மனமில்லாமல் தலையில் இரண்டு இறகுகளைத் தூக்கி நிறுத்திக்கொண்டது. பார்த்தால் காது போல இருக்கும். காது இல்லை.

அந்த ஆண்டு காவலுக்கு யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பார்த்தவர் சொல்ல வேண்டியது, கேட்டவர் எழ வேண்டியது என்று முடிவாயிற்று. உவரியின் இரண்டு குஞ்சுகளும் பொரிந்த அன்றே உப்புவெளியில் ஓடின, ஓடிக்கொண்டே வெட்டி வெட்டிப் பேசின.

அன்றைக்குப் பிறகுதான் பறவைகளுக்குக் காதிருக்கும் இடத்தில் இறகு மூடிய வெறும் துளை மட்டும் இருக்கிறது. கரையின் எந்த மூலையிலிருந்து எந்தத் தொண்டை நரி என்று சொன்னாலும், சொன்னது யார் என்று கேட்காமல் எல்லாப் பறவைகளும் ஒன்றாக எழுகின்றன.