மேல்தளத்தின் சொந்தக்காரர்

எங்கள் தெரு பைனான்ஸ் தணிகாசலம் வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டிய தொகையை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடன் கொடுப்பவர். ஒழுகும் மேல்தளத்தைப் பூசத்தான் நானும் கேட்டேன். முதலில் எடுத்தது பல் கட்டப் போயிற்று. அடுத்தது தங்கை பேத்தியின் காதுகுத்துக்கு. மிச்சம் கவிதைப் புத்தகங்களாக அலமாரியில் நிற்கிறது. மேல்தளத்துக்குக் கிடைத்தது அதன் கீழே வைத்த ஒரு வாளிதான். கடனோ வீட்டின் மதிப்பில் பாதியைத் தொட்டுவிட்டது.

ஐப்பசியில் ஒருநாள் தணிகாசலம் வண்டி நிறைய சிமெண்ட் மூட்டைகளோடு வந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: “பாதி வீடு என்னுது டீச்சர். கூடத்தைக் காலி பண்ணுங்க, மூட்டை அடுக்கணும்.”

கூடத்தை விட்டால் எனக்குப் படுக்க வேறு இடமில்லை.

“நியாயமான பேச்சு,” என்றேன். “மேல்தளத்துக்குன்னுதானே பணம் குடுத்தீங்க? அப்ப அதுதான் உங்க பாதி. போன மழையிலேருந்து உங்க பாதி என் தலையில ஒழுகுது. கொத்தனாரை எப்ப அனுப்புறீங்க?”

எதிர்வீட்டு பாக்கியம் விடவில்லை. “சிமெண்டே வந்திருச்சே அக்கா! அண்ணே, அப்படியே மாடிக்கு ஏத்துங்க!”

தெரு சிரித்தது. தணிகாசலம் பதறினார். “ஐயோ, வீடு முழுக்க உங்களுதுதான் டீச்சர்! எனக்கு வட்டி வந்தாப் போதும்.”

மூட்டைகள் வந்த வண்டியிலேயே திரும்பின. ஜெயித்த மிதப்பில் உள்ளே வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. முழு வீடும் என்னுடையதாகிவிட்டதால், இரண்டாவது வாளியையும் நானே எடுத்து வைத்தேன்.