பால் சிந்திய கை

அந்தக் காலத்தில் வல்லிக்குன்றம் என்ற நாட்டை விறல்வேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு உத்தரவு போடுவான். மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் அதற்கு நேர்மாறாக இன்னொன்று போடுவான். அகழி தாண்டும் குதிரைப் பந்தயத்தில் மட்டும் எதையும் மாற்ற மாட்டான்.

பந்தயத்துக்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. சவாரிக்காரர் ராஜாவுக்கு எதிரே நின்று, விளிம்புவரை பால் நிரப்பிய வெள்ளிக் கிண்ணத்தை ஒற்றைக் கையில் ஏந்த வேண்டும். பேரிகை முழங்கி அடங்கும்வரை ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. சிந்தினால் சவாரி கிடையாது. குதிரையும் அரண்மனை லாயத்துக்குப் போய்விடும். கள் குடித்துவிட்டுக் குதிரை ஏறுகிறவர்களைப் பிடிக்க ராஜாவின் தாத்தா ஏற்படுத்திய வழக்கம் அது. பேரன் காலத்தில் அதுவே பயந்தவர்களைப் பிடிக்கும் சோதனையாகிவிட்டது.

அந்த வருஷம் மாசாத்தி வந்தாள். எல்லைப் போரில் செத்துப்போன ஒரு குதிரை வீரனின் மகள். அப்பா விட்டுப்போனது தும்பை என்ற வெள்ளைப் பெண் குதிரை ஒன்றுதான். குட்டியிலிருந்து கொள்ளு ஊறவைத்து ஊட்டி வளர்த்தவள் மாசாத்தி. அகழி தாண்ட அவளை விட்டால் ஆளில்லை. ஆனால் யாரும் பார்க்காதபோதுதான். கூட்டத்தைக் கண்டால் கை நடுங்கும்.

அந்தக் கையில்தான் கிண்ணத்தை வைத்தார்கள். பேரிகை முழங்கியது. பால் தளும்பி விரல்வழியே வழிந்தது.

"ஆகாகா!" என்று எழுந்தார் குதிரைப்படைத் தலைவர் புலிக்கடுவார். பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும்? அதுதான் அவர் குரல். "அரசேஏஏ! இந்தக் கையா கடிவாளம் பிடிக்கும்? வீரர்களுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியக் கூடாது! குதிரையை லாயத்துக்கு ஓட்டச் சொல்லுங்கள்!"

தும்பைமேல் அவருக்கு ரொம்ப நாளாகவே கண். விலைக்குக் கேட்டுப் பார்த்தார், மாசாத்தி கொடுக்கவில்லை.

ராஜா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "வழக்கம் வழக்கந்தான்" என்றான்.

"அரசே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவளை மட்டும்..." மாசாத்தியால் முடிக்க முடியவில்லை. தும்பை ஒன்றும் அறியாமல் அவள் விரலில் வழிந்த பாலை நக்கிக்கொண்டிருந்தது.

அமைச்சர் நக்கண்ணர் எழுந்தார். தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல் பேசுகிறவர். "தலைவர் சொல்வது நியாயம், அரசே. நடுங்காத கை எப்படி இருக்கும் என்று அவரே காட்டட்டுமே."

புலிக்கடுவார் கிண்ணத்தை ஏந்தினார். பேரிகை முழங்கி அடங்கியது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. "மலை அம்மா இது, மலை!"

"அருமை! அப்படியே பிடித்திருங்கள், ஐயா" என்றார் நக்கண்ணர். "அரசே, இப்படியொரு கை இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? யாரையும் ஏறவிடாத அந்த முரட்டுக் குதிரை லாயத்தில் நிற்கிறதே. தலைவரே அதில் ஏறி அகழியைத் தாண்டட்டும்."

"அட! பிரமாதம்!" ராஜா துள்ளினான். "கொண்டுவா அதை!"

லாயத்துக் கதவில் படாரென்று ஓர் உதை விழும் சத்தம் கேட்டது. கிண்ணத்துப் பாலில் முதலில் ஒரு வளையம். பிறகு ஓர் அலை. பிறகு புலிக்கடுவாரின் பட்டு அங்கவஸ்திரமெல்லாம் பால்.

"கா... காற்று, அரசே. காற்றடிக்கிறது."

கொடிமரத்தில் கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் களமே சிரித்தது.

ராஜா சிரிக்கவில்லை. "நக்கண்ணரே, இப்போதுதானே மலை என்றார்?"

"அப்போது அவர் வேடிக்கை பார்க்க வந்தவர், அரசே. இப்போது ஏறப்போகிறவர். கை அதே கைதான். இழக்க ஒன்று இருந்தால் எந்தக் கையும் நடுங்கும்."

ராஜா தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். "முதல் போருக்குக் கிளம்பிய அன்று என்னால் சேணத்து வாரைக் கட்ட முடியவில்லை. வேறொருவன்தான் கட்டிவிட்டான். யாரிடமும் இதைச் சொன்னதில்லை." பிறகு மாசாத்தியைப் பார்த்தான். "ஏறிக்கொள், பெண்ணே. ஆனால் நடுக்கம் குதிரைக்குத் தெரியுமே. அகழியில் விழுந்தால்?"

நக்கண்ணர் அவளிடம் போனார். "அம்மா, நீ மூச்சு விடுகிறாயா?"

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, விடவில்லை.

"நீ மூச்சை அடக்கினால் ஏதோ ஆபத்து என்று தும்பையும் மிரண்டு, புலி எங்கே என்று தேடும். கொள்ளு வைக்கும்போது அவளிடம் என்ன சொல்வாய்?"

"பாடுவேன், ஐயா."

"அதையே பாடிக்கொண்டு போ. பாடுகிறவளால் மூச்சை அடக்க முடியாது."

"கை நடுங்குதே!"

"நடுங்கட்டும். நீ பாடு."

அவள் ஏறினாள். கூட்டம் அடங்கியது. பின்னுக்கு மடிந்திருந்தன தும்பையின் காதுகள். உடைந்த குரலில் பாட்டு ஆரம்பித்தது.

"ஊறுதடி கொள்ளு, உமியெல்லாம் தள்ளு,
வேகுமுன்னே வாய்வைக்காதே, தும்பைப்பொண்ணே நில்லு..."

ஒரு காது திரும்பியது. பிறகு மற்றதும். கொள்ளு வரப்போகிறது என்று நினைத்ததோ என்னவோ, தும்பை கழுத்தைத் தளர்த்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது. புழுதி எழும்பியது. அகழியின் விளிம்பில் பாட்டு நின்றது. மூச்சை அடக்கியது இப்போது கூட்டம்.

அக்கரையிலிருந்து அடுத்த வரி கேட்டது.

அவள் திரும்பி வந்ததும் ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, கிண்ணத்தில் பால் நிரப்பச் சொல்லி அவளிடம் நீட்டினான். "ஏந்த வேண்டாம், அம்மா. குடி. இனிமேல் இந்தப் பால் குடிக்கத்தான். குதிரை உன்னுடையது, என் குதிரைகளுக்கும் நீயே பயிற்சி கொடு." பிறகு திரும்பினான். "புலிக்கடுவாரே, வருஷாவருஷம் இந்தக் கிண்ணத்தை ஊரறியக் கொண்டுபோய்ச் சவாரிக்காரர்களுக்குக் கொடுப்பது உம்முடைய வேலை!"

இந்த உத்தரவை அவன் மாற்றவே இல்லை. அடுத்த வருஷம் களம் முழுக்க அந்த ஒரு கையையே பார்த்துக்கொண்டிருக்க, புலிக்கடுவார் நடந்து வந்தார். பாதிப் பால் வழியிலேயே போய்விட்டது. முகம் சிவந்து நின்றவரிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டே மாசாத்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"மூச்சு விடுங்க, ஐயா."