செங்கமலம் திறந்த எழுத்துப் பூட்டு

எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி எழுத்துப் பூட்டைத் திறப்பாளா, சொல்லுங்க பார்ப்போம்?

அரிசி ஆலை முதலாளி ஏகாம்பரத்தின் இரும்புப் பெட்டியில் அப்படி ஒரு பூட்டு. சாவி கிடையாது. நாலு வளையத்தையும் திருப்பி, அவர் மனசில் வைத்திருக்கும் எழுத்துகளை ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தால்தான் திறக்கும். ஆலையில் நெல் காயவைக்கும் செங்கமலத்தின் வீட்டுமனைப் பட்டாவைப் பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கி, அதற்குள் போட்டுவிட்டார். கேட்டால் தருவதில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள், ஆலை ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது மறுபடியும் கேட்டாள்.

"திறந்து எடுத்துக்கிட்டுப் போயேன்! உனக்கு ஆனா ஆவன்னாவாவது தெரியுமா?" என்று சிரித்தார்.

"தெரியாதுங்க முதலாளி. திறந்தா எடுத்துக்கலாம்ல?"

"தாராளமா!"

செங்கமலம் குனிந்து பார்த்தாள். பூஜையில் திறந்திருந்த பூட்டுக்குப் பெரிதாகச் சந்தனப் பொட்டு வைத்த பிறகுதான் முதலாளி வளையங்களைக் கலைத்திருந்தார். பொட்டு நாலு துண்டாகப் பிரிந்து கிடந்தது. அவள் எழுத்தைப் பார்க்கவே இல்லை. வளையங்களைத் திருப்பித் துண்டுகளை ஒன்றுசேர்த்து, மறுபடி வட்டப் பொட்டாக்கினாள். பூட்டு வாயைத் திறந்தது.

ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பியவளை முதலாளி மெல்லக் கூப்பிட்டார்.

"தாயி, போறதுக்கு முன்னால அந்தப் பொட்டைக் கொஞ்சம் அழிச்சிட்டுப் போயேன்."