கோழி ஏன் கொத்திக் கொத்திக் கீழே போடுகிறது

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். பழுத்த இலை ஒன்று சோற்றில் விழுந்தாலும் என் மகன் கதிரேசு நாக்கால் துழாவிக் கண்டுபிடித்துத் துப்பிவிடுவான். வயது ஒன்றரைதான். என் நாத்தனார் பூமாரி அடுப்படியில் உலை பார்க்கிறாள். கைக்குத்தானே வேலை, வாய் சும்மாதான் இருக்கிறது. கோழியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பறவைகள் எல்லாம் பேசிக்கொண்டு, ஆளுக்கொரு அடுப்பு வைத்துச் சமைத்துத் தின்ற அந்தக் காலத்தில், கோழியும் மற்றப் பறவைகளைப் போலக் குஞ்சுக்கு வாயில்தான் ஊட்டிவந்தது. புளியமரத்தடியில் ஒரு செவலைக்கோழி. அதற்கு ஒன்பது குஞ்சுகள். மற்ற எட்டும் கொடுத்ததைத் தின்றன. கடைக்குட்டி மட்டும் அலகையே திறக்காது.

செவலை என்னதான் செய்யவில்லை! கம்பை இடித்துக் குழைய வேகவைத்தது. மறுநாள் அதிலேயே கரையானைப் போட்டுக் கிண்டியது. கீரையைக் கசக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் சோற்றுக்குள் ஒளித்து வைத்தது. குட்டி மோந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செவலை மறுபடியும் அடுப்பு மூட்டும். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. நானாக இருந்தால் இரண்டாம் நாளே முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

ஒருநாள் பருந்தின் நிழல் தரையில் வட்டமிட்டது. செவலை குரல் கொடுத்தது. குஞ்சுகள் எல்லாம் ஓடிவந்து இறக்கைக்குள் நுழைந்தன. கடைக்குட்டி நாலு அடி வைத்தது, கால் மடங்கி விழுந்தது. தெம்பு இருந்தால்தானே ஓடும்? செவலை பாய்ந்து போய் அதன்மேல் கவிழ்ந்துகொண்டது. பருந்துக்குச் செவலையின் வால் இறகு இரண்டுதான் கிடைத்தது.

மரத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த காக்கை கேட்டது: "மதினி, இன்னைக்கு ரெண்டு இறகோட போச்சு. நாளைக்கு?"

"திங்க மாட்டேங்கானே, நான் என்ன செய்ய?"

"வாயைப் பிளந்து திணிங்க! எம் பிள்ளைகளைப் பாருங்க, என்னைக் கண்டதும் தொண்டை தெரியத் திறக்கும். கையில பக்குவம் வேணும், மதினி."

செவலைக்குச் சுருக்கென்றது. பக்குவம் இல்லாமலா இத்தனை நாள் வெந்து கிடக்கிறேன் என்று நினைத்தது. ஆனாலும் பருந்தின் பயம் யாரை விட்டது? மனதைக் கல்லாக்கிக்கொண்டு குட்டியைக் காலால் அமுக்கித் திணித்தது. குட்டி இருமியது, திணறியது, எல்லாவற்றையும் கக்கியது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு அம்மாவின் அலகைக் கண்டாலே ஓடிப்போய் வேலிமுள்ளுக்குள் ஒளிந்துகொண்டது.

செவலை கம்பஞ்சோற்றைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தது. ஊட்டிச் சிந்தியதையும் ஆறிப்போனதையும் தின்றே அதற்கு நாள் ஓடியிருந்தது. சூடாக ஒரு வாய் தின்று எத்தனை நாள் ஆயிற்று! வயிறு இழுத்துப் பிடித்தது. கொஞ்சம் கொத்தித் தின்றது.

"அடி ஆத்தி, நல்லாத்தானே இருக்கு!" என்றது. அதற்கே தெரியாமல் தொண்டைக்குள்ளிருந்து 'கொக் கொக்' என்று சத்தம் வந்தது. அலகிலிருந்து ஒரு பருக்கை கீழே விழுந்தது.

வேலிக்குள் சலசலப்பு. கடைக்குட்டி தலையை வெளியே நீட்டிப் பருக்கையை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. செவலை திரும்பியது. குட்டி முள்ளுக்குள் போய்விட்டது.

அப்போதுதான் செவலை அந்தக் காரியத்தைச் செய்தது. ஊட்டப் போகாமல், குட்டியைப் பார்க்காமல், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு ஒரு பருக்கையைக் கொத்தி எடுத்தது. கீழே போட்டது. 'கொக் கொக்' என்றது. மறுபடியும் எடுத்தது, போட்டது. பெற்ற வயிறு பதறும்போது பார்க்காமல் இருப்பது லேசா?

குட்டி வந்தது. லபக்கென்று ஒரு பருக்கையைத் திருடிக்கொண்டு ஓடியது! அண்ணன்மார் எல்லாரும், "ஏலே, எனக்கு!" என்று துரத்தினார்கள். ஓடிக்கொண்டே விழுங்கிவிட்டுத் திரும்பி வந்து, இன்னொன்று திருடியது.

காக்கை கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது. "என்ன மதினி, அள்ளி வச்சதைத் தொடாதவன் திருடித் திங்கானே!"

"அவன் திங்கட்டும், நீங்க சும்மா இருங்க" என்றது செவலை, திரும்பாமலே.

அடுத்த அமாவாசைக்குள் பருந்து மறுபடியும் வந்தது. அன்றைக்கு இறக்கைக்குள் முதலில் நுழைந்தது கடைக்குட்டிதான்.

அன்று முதல்தான் கோழி எந்தக் குஞ்சுக்கும் வாயில் ஊட்டுவதில்லை. கொத்தும், கீழே போடும், கூப்பிடும், ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். அதைப் பார்த்துத்தான் நானும் இன்றைக்கு என் சோற்றுத் தட்டைப் பூமாரி கண்ணில் படும்படி அடுப்படி வாசலில் வைத்து, கதிரேசு பார்க்க நாலு வாய் தின்றுவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் இந்தக் கீரையை...

"மதினி! சத்தம் போடாம மெல்லத் திரும்புங்க. ஒங்க மவன் ஒங்க தட்டுல ரெண்டு கையையும் விட்டு..."