பன்றி போன பிறகு

குருமாருக்குக் கோபம் வராது என்றொரு நம்பிக்கை நாடெங்கும் பரவியிருக்கிறது. மிகுந்த வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது: அது தவறு. குரு என்பவர் சீடரைவிட வயதில் மூத்தவர், தாடி வைத்தவர் என்பதும் தவறுதான்.

கூனிமலை அடிவாரத்து மடத்தில் குருவின் பெயர் சுடர்மதி. வயது நாற்பது. பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மனநோய் மருத்துவராக இருந்து, வேலையை உதறிவிட்டு வந்தவர். சீடர் திருமேனிநாதன் அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தாடி அவருக்குத்தான் இருந்தது.

மடத்தில் அவருக்கு இரண்டு பொறுப்புகள். வாசலில் வருகிறவர்களை விசாரிப்பது ஒன்று. கொல்லையில் கேழ்வரகுக் காவலைக் கவனிப்பது இன்னொன்று. இரண்டையும் பள்ளிக்கூடம் நடத்திய முறையிலேயே நடத்தினார்.

அன்று காலை செங்கமலம் என்ற பெண் தன் மகன் ஏழுமலையை அழைத்து வந்தாள். பையனுக்கு இருபது வயதிருக்கும். காலில் சங்கிலி. இதற்கு முன் குணம் தேடிப் போன இடத்தில் பூட்டியது. சாவியை அவள் தாலிக்கயிற்றில் கோத்திருந்தாள்.

"என்ன செய்கிறான்?" என்று கேட்டார் திருமேனிநாதன்.

"யாரோ காதுல பேசறாங்கங்கறான் சாமி. சோத்துல விஷம் வச்சிட்டேன்னு என்னையே சொல்றான்."

"அடித்து வளர்த்தீர்களா? செல்லம் கொடுத்து வளர்த்தீர்களா?"

செங்கமலம் யோசித்தாள். "ரெண்டுந்தான் சாமி. எல்லாரையும் போல."

"அதுதான் பிழை," என்றார் அவர். எந்தப் பதில் வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். "வளர்ப்பில் உறுதி இல்லை. மனம் தறிகெட்டுவிட்டது. சங்கிலி இருக்கட்டும். அந்தத் தூணில் கட்டுங்கள். அம்மா வந்து பார்ப்பார்கள்."

செங்கமலம் அழவில்லை. அழுகையெல்லாம் முந்தைய இடங்களில் தீர்ந்திருந்தது. கட்டினாள்.

சுடர்மதி வந்தார். தூணைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார்.

"யாரு கட்டச் சொன்னது?"

"அடியேன்தான் அம்மா."

"பள்ளிக்கூடத்துலயும் பசங்களை இப்படித்தான் கட்டுவீங்களா?"

"பெஞ்சு மேல் நிற்கத்தான் வைப்பேன்."

"பெரிய மனசு ஐயா உங்களுக்கு."

செங்கமலம் மகனின் நிலையையும் வாசலில் நடந்த விசாரணையையும் சொன்னாள். சுடர்மதி பையனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பெயர் கேட்டார். ஒரு காதைப் பொத்திக்கொண்டே சொன்னான். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துத் தலையசைத்தான். சங்கிலி உரசிய கணுக்கால் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது.

"இந்த வீக்கத்துக்கும் அவங்கம்மா வளர்ப்பைத்தான் சொல்வீங்களா?"

திருமேனிநாதன் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பூட்டைத் தொறங்கம்மா," என்றார் சுடர்மதி.

"ஓடிடுவான் தாயி."

"ஓடினா நானும் கூட ஓடறேன். தொறங்க."

ஏழுமலை ஓடவில்லை. காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் பேச்சுச் சத்தம் கேக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

"காய்ச்சல் வந்துச்சு தாயி, சித்திரையில. பொழைச்சதே பெருசு. அது சரியாப் போச்சு. சரியாயிக் கொஞ்ச நாள்லதான் இது..." செங்கமலம் நிறுத்தினாள். "இத ஒருத்தரும் கேக்கல தாயி. போன எடத்துலயெல்லாம் நான் என்ன பாவம் பண்ணேன்னுதான் கேட்டாங்க."

சுடர்மதியின் முகம் சிவந்தது. "நாளைக்குப் பட்டணத்துக்குப் போறோம். நானும் வரேன். இவன் ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் சோதிச்சுப் பாக்கணும்."

திருமேனிநாதனுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் தான் சொன்ன தீர்ப்பு, அதுவும் அந்தத் தாயின் முன்னாலேயே, தள்ளுபடியாகிக்கொண்டிருந்தது.

"அம்மா, குரல் கேட்பது மனத்தின் நோய். அதை ரத்தத்தில் தேடுவது, கணக்குக்கு விடையை வரலாற்றுப் புத்தகத்தில் தேடுவது போல அல்லவா?"

சுடர்மதி சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கொல்லைக்கு வாங்க."

கேழ்வரகு அறுவடைக்குத் தயாராக இருந்த கொல்லை அது. இப்போது பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது.

"என்ன ஆச்சு?"

"நேற்று இரவு பன்றி வந்தது அம்மா."

"எவ்வளவு தின்னுச்சு?"

திருமேனிநாதன் வரப்பில் நடந்து பார்த்தார். "இந்த மூலையில் கொஞ்சம்."

"மிச்சம்?"

குனிந்தார். சேற்றில் குதிகால் தடங்கள், விரல் தடங்கள். "இது நம் காவலாட்களின் கால்."

அந்தக் காவலுக்கு ஒரு முறை உண்டு. பன்றியை முதலில் பார்த்தவர் கூவ வேண்டும். கூவினால் எல்லாக் காவல் பரணிலிருந்தும் ஆட்கள் இறங்கித் தடியோடு கொல்லைக்குள் பாய்வார்கள். கூவியவரே "போயிடுச்சு" என்று சொல்லும்வரை யாரும் பரண் ஏறக்கூடாது. வேறு யார் சொன்னாலும் செல்லாது. இந்தக் கடைசி விதி திருமேனிநாதன் சேர்த்தது. அதில் அவருக்குப் பெருமை.

"முதல்ல கூவினது யாரு?"

"நான்தான்."

"பன்றி?"

"அப்போதே ஓடிவிட்டது. என் கண்ணால் பார்த்தேன்."

"போயிடுச்சுன்னு சொன்னது?"

திருமேனிநாதன் தாடியைத் தடவினார். பன்றி ஓடிய திருப்தியில் நேரே போய்ப் படுத்தது நினைவுக்கு வந்தது. தூக்கத்தினூடே கூச்சல் கேட்டதும், ஆட்கள் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள் என்று மகிழ்ந்ததும் நினைவுக்கு வந்தது.

"யாரும் சொல்லவில்லை."

"அப்ப விடிய விடிய எதைப் போட்டு அடிச்சாங்க?"

"வயலை."

"உடம்புக்குள்ளயும் நோயை விரட்டற காவல் ஒண்ணு இருக்கு. எல்லா வயலும் இப்படித்தான் பாழாகுதான்னு கேட்டா எனக்குத் தெரியாது. பல வயல்ல வேற காரணம் இருக்கும். இந்தப் பையனுக்கு இதுதான்னு சத்தியமும் பண்ண மாட்டேன்." சுடர்மதியின் குரல் உயர்ந்தது. "ஆனா பெரிய காய்ச்சல் வந்து போன உடம்புல காவல் அடங்குச்சா இல்லையான்னு ஒருத்தன்கூடப் பாக்கலையே! மூளை என்ன, உடம்புக்கு வெளியிலயா தொங்குது? பெத்தவளைப் புடிச்சு விசாரிக்கறீங்க. அடிபட்டவனைப் புடிச்சுக் கட்டறீங்க."

திருமேனிநாதன் படுத்துக் கிடந்த கதிர் ஒன்றை நிமிர்த்தி வைத்தார்; அது மறுபடி சாய்ந்தது. பிறகு அவருக்குள்ளிருந்த தலைமையாசிரியர் தலைதூக்கினார்.

"காவலே இல்லாவிட்டால் பன்றி முழுவதையும் தின்றிருக்குமே அம்மா?"

"காவல் வேணாம்னு யாரு சொன்னா? பன்றி போயிடுச்சுன்னு காவலுக்குச் சொல்ல ஆள் வேணும்."

"அதுவரை பையன் எதையாவது செய்துவிட்டால்? ஒரு பாதுகாப்புக்காகத்தானே..."

சுடர்மதி தோளிலிருந்த சங்கிலியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"சரி, இந்தாங்க. முதல்ல இந்த வயலைக் கட்டுங்க. எந்தத் தூண்ல கட்டப் போறீங்க?"



மறுநாளிலிருந்து மடத்துக் கிணற்றில் வாளி அந்தச் சங்கிலியில் இறங்கியது.