தவமணி சொன்னது

மருத்துவப் பேராசிரியர் ஞானாபரணம் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. வார்டில் நோயாளியின் கட்டிலருகே நின்றும் வகுப்பிலும் அவர் நடத்திய பாடங்களை, அவருடைய மாணவி மெஹருன்னிசா புத்தகமாகத் தொகுத்திருந்தாள். அவளுக்கே இப்போது ஐம்பத்திரண்டு வயது. அவர் வகித்த துறைத் தலைவர் பதவியில் அவள்தான் இருக்கிறாள்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு சந்தேகம் கேட்க வந்தாள்.

"வயிற்றுவலிப் பாடம் சார். எங்க எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு மாணவர் அவசரப்பட்டு வாயுத்தொல்லைன்னு சொல்லிட்டார், அந்தம்மா மாரடைப்புல இறந்துட்டாங்க. 'உறுதியாத் தெரியாம வாயைத் திறக்காதே'ன்னு முடிப்பீங்களே, அது. அந்த மாணவர் பேரைப் போடலாமா, வேண்டாமா?"

ஞானாபரணம் அச்சுப்படியை வாங்கினார். 'ஒரு மாணவர்' என்று இருந்ததை அடித்தார். அதன் மேலே 'நான்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அவள் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சார்?"

"வாயுன்னு சொன்னது நான்தான். அந்தம்மா பேர் செல்லக்கனி. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வேலை. மேல்வயிறு வலிக்குதுன்னு வந்தாங்க. ரவுண்ட்ஸ்ல தவமணின்னு ஒரு பொண்ணு இருந்தா. 'வியர்த்துக் கொட்டுது சார், ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கலாமா'ன்னு கேட்டா. 'வயிறு எங்க இருக்குன்னு முதல்ல படிச்சுட்டு வா'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. செல்லக்கனியும் சிரிச்சாங்க."

ஞானாபரணம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் நாலு மணிக்குப் போயிட்டாங்க."

"அப்புறம் ஏன் சார் மாணவர்னு சொன்னீங்க?"

"அடுத்த வாரம் வகுப்புல 'நான்'னு சொல்லத்தான் வாயெடுத்தேன். எதிர்ல நூறு முகம். 'ஒரு மாணவர்'னு வந்துடுச்சு. மறுவருஷமும் அப்படியே சொன்னேன். பிறகு பழகிப்போச்சு."

"தவமணி அந்த வகுப்புல இருந்தாங்களா?"

"மூணாவது வரிசையில. தலை நிமிராம எழுதிக்கிட்டிருந்தா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்லுவா?"

தவமணி படிப்பை முடித்தாள். ஆனால் அதன்பின் நோயாளி பக்கமே போகவில்லை. ஏதோ ஊரில், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள்.

"போய்ப் பார்க்கணும்னு வருஷா வருஷம் நினைப்பேன். போன தை மாசம் தகவல் வந்தது. அடக்கத்துக்குத்தான் போனேன். 'நீங்க யாரு'ன்னு அவ தம்பி கேட்டார். வாத்தியார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

வெளியே ஒரு ஆட்டோ நின்று, கிளம்பிப் போனது. மெஹருன்னிசா அச்சுப்படியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயிற்சி டாக்டரா இருந்தப்ப ஒரு குழந்தை சார். ரெண்டு வயசு. மருந்துச் சீட்டைப் பார்த்ததும் அளவு கூடவோன்னு தோணுச்சு. எழுதினது பெரிய டாக்டர். எனக்கோ உறுதியாத் தெரியல."

ஞானாபரணம் அவளையே பார்த்தார்.

"உங்க பாடம்தான் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கல."

"குழந்தை?"

இல்லை என்று அவள் தலையை மட்டும் அசைத்தாள். இருபத்தெட்டு வருடமாக அவள் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. புருஷனிடம்கூட.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அவள் கையைத் தொட நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

அவள் அச்சுப்படியில் அவர் எழுதிய 'நான்' மேல் விரலை வைத்துக் கேட்டாள். "இதை இப்படியே அச்சடிச்சா, உங்ககிட்டப் படிச்சவங்க எல்லாம் என்ன செய்வாங்க சார்?"

"கேள்வி கேட்பாங்க" என்றார் ஞானாபரணம். "நான் விட்டிருந்தா, அன்னிக்கே கேட்டிருப்பாங்க."