உறைந்த எண்ணெய்

இருட்டின பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. சர்ர்ர் என்று ஏதோ இழுபட்டு, டக்கென்று நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி சர்ர்ர், டக். மூச்சு முட்டிய மிருகம் ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பதுபோல இருந்தது.

மயூரி குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு கட்டிலின் மூலைக்குள் ஒடுங்கினாள்.

"அவர் வந்திட்டார், மாமி."

"விசர்க்கதை கதையாதை," என்றாள் இராசமலர். "வந்தால் மணி அடிப்பான். அவனென்ன கள்ளனே?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருந்தது.

ஒன்ராறியோவில், ரொறன்ரோவுக்கு வடக்கே, சோளக்காணிகளுக்கு நடுவில் இருந்த பழைய மரவீடு அது. திலகேஸ்வரி அம்மாவின் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறன்ரோவிலிருந்து சனம் காரில் வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவருக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கும். சிலர் கேள்வி கேட்பார்கள். சிலருக்குப் பதில் கிடைக்கும். மற்றவர்களுக்குத் தேத்தண்ணி கிடைக்கும்.

அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இல்லை. இராசமலருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் மூத்தவள் இளையவளை அம்மா என்பாள், இளையவள் மூத்தவளை அக்கா என்பாள். அந்த வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

மயூரி இராசமலரின் மருமகள், மகன் நிரூபனின் மனைவி. வாரத் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அவளைக் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தாள். குளிர் ஜாக்கெற்றுக்குள் குழந்தை. இடது கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. அம்மா மேல்மாடி அறையைக் காட்டினார்.

இன்று மத்தியானம் இராசமலர் வந்தாள், மருமகளைத் திரும்பக் கூட்டிப்போக. மகன் நிரூபன் வேலை முடிந்ததும் கார் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். போனில் அழுதிருந்தான்.

"சின்னப்பிள்ளை மாதிரி அழுதவன்," என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் என்ன கல்லே, அதைக் கேட்டுக்கொண்டு இருக்க?"

மயூரி, கொன்வென்ற்றில் படித்த காலத்தில் மதர் அறைக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைபோல, முதுகை நேராக வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

அவள் வந்த பிறகு பனி விடாமல் கொட்டியதில் றோட்டிலிருந்து வாசல்வரை முழங்கால் உயரத்துக்கு மூடிக்கிடந்தது. கார் உள்ளே வர வழியில்லை.

சர்ர்ர். டக்.

இராசமலர் படியிறங்கிப் போய் கராஜின் கதவைத் தள்ளினாள். அம்மா, பனியை வாரித் தள்ளும் மெஷினான ஸ்னோபுளோவருக்கு முன்னால் நின்றார். ஒரு காலை அதன் சில்லில் ஊன்றி, கயிற்றின் பிடியை இழுத்தார். கயிறு நீளமாக வந்து, தானாகவே உள்ளே ஓடிப் போய் அடங்கியது. மெஷின் அசையவில்லை.

"நீங்களே அம்மா! நாங்கள் பயந்தே போனம். கார் வாறதுக்கு வழி எடுக்கிறீங்களே?"

"வழி எடுக்கத்தான் பாக்கிறன்."

இராசமலருக்கு மனம் குளிர்ந்தது. அம்மாவும் மயூரியை அனுப்பிவைக்கத்தான் நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள். சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு கிட்டப் போனாள்.

"பெற்றோல் பழசோ?"

"புதுசு."

"சோக்கை இழுத்து விட்டீங்களே?"

"விட்டனான்."

"அப்ப பிளக் நனைஞ்சிருக்கும். கழட்டித் துடைச்சால் சரி. ஊரில எங்கட தண்ணி இறைக்கிற மெஷினுக்கு என்ர மனுசன் அப்பிடித்தான் செய்யிறவர்."

"பிளக் இருக்கட்டும் அக்கா. இதைப் பிடிச்சு இழுத்துப் பாருங்கோ."

இராசமலர் இழுத்தாள். பலமாக இழுத்தவள் பின்னால் விழப் பார்த்தாள். கயிறு தயிருக்குள்ளிருந்து வருவதுபோல லேசாக வந்தது.

"பாரமே இல்லையே!"

"ஓம். எஞ்சினில ஒரு குறையுமில்லை. அது இன்னும் சுத்தவே தொடங்கேல்லை. கயிறு மட்டும் போய்ப் போய் வருகுது."

அம்மா ஸ்பனரை எடுத்து, கயிறு சுற்றியிருக்கும் மூடியின் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். இராசமலர் ரோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டாள். மயூரியும் குழந்தையைப் போர்வையால் சுற்றிக்கொண்டு, வீட்டுப் பக்கத்துக் கதவில் வந்து நின்றாள். மேலே தனியே இருக்க அவளுக்குப் பயம்.

"அம்மா, ஒரு விசயம் கேக்கவேணும்," என்றாள் இராசமலர்.

"லைற்றைக் கொஞ்சம் இஞ்சாலை பிடியுங்கோ."

"மன்னிக்கிறதுக்கு ஒரு அளவு இருக்கே? பெத்தவளுக்கு அப்பிடி ஒரு அளவு இருக்கே?"

அம்மா மூடியைக் கழற்றித் திருப்பினார். உள்ளே இரண்டு சின்ன இரும்புக் கொளுக்கிகள் மடங்கிப் படுத்திருந்தன. அவற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று மெழுகுபோல ஏதோ கட்டியாக உறைந்திருந்தது. அம்மா அதை நகத்தால் சுரண்டி, மணந்து பார்த்தார்.

"தேங்காயெண்ணெய்."

இராசமலரின் முகம் மலர்ந்தது. "ஓம், நான்தான் விட்டனான்! கார்த்திகை மாதம் இஞ்ச வந்து நிண்டபோது இது கிறீச்சிட்டுக்கொண்டு இருந்தது. பாவம் எண்டு நினைச்சு, தலைக்கு வைக்கிற போத்திலிலிருந்து நல்லாய் விட்டனான். ஊரில எல்லா மெஷினுக்கும் அதுதானே."

மயூரி கதவடியிலிருந்து சொன்னாள்:

"இந்தக் குளிரில உங்கட எண்ணெய்ப் போத்திலே கல்லு மாதிரி இறுகிக் கிடக்குது, மாமி. கரண்டியால தோண்டித்தானே தலைக்கு வைக்கிறீங்கள்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மயூரியும் சிரித்தாள். கண் வலித்திருக்கவேண்டும், உடனே கையால் பொத்திக்கொண்டாள்.

"கயிறை இழுத்தால்," என்று அம்மா ஒரு கொளுக்கியை விரலால் நெம்பிக் காட்டினார், "இது ரெண்டும் வெளியில விரிஞ்சு எஞ்சினைப் பிடிக்கவேணும். பிடிச்சால்தான் அது சுத்தும். இப்ப பாருங்கோ, மடங்கினபடியே கிடக்குது."

அவர் பழைய கத்தியின் முனையால் உறைந்த எண்ணெயைச் சுரண்டி எடுக்கத் தொடங்கினார். அது செதில் செதிலாக விழுந்தது.

இராசமலர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "அவன் கெட்டவனில்லை அம்மா. வேலையில கரைச்சல். குடிச்சால்தான் கை நீளும். நான் எவ்வளவோ சமாளிச்சுக்கொண்டு வாறன்."

"எப்பிடிச் சமாளிக்கிறீங்கள்?"

"அண்டைக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி பொலிசுக்குப் போன் அடிச்சிட்டாள். ரெண்டு பேர் வந்து வாசலில நிக்கிறாங்கள். நான் போய்க் கதவில நிண்டு, இவள் படியில வழுக்கி விழுந்திட்டாள் எண்டு சொன்னன். எனக்கெங்க இங்கிலீஸ் தெரியும்? கையால காலால காட்டித்தான் விளங்கப்படுத்தினன். நம்பிக்கொண்டு போயிட்டாங்கள்."

அம்மா கத்தியால் அடுத்த கொளுக்கியைச் சுரண்டினார்.

"ஆஸ்பத்திரியில அந்த நேர்ஸும் துருவித் துருவிக் கேட்டவள். நான் இவளின்ர பக்கத்தைவிட்டு அரக்கேல்லை. இவளும் நல்ல பிள்ளை, வாய் திறக்கேல்லை. இவளின்ர தமையன் லண்டனிலிருந்து எடுத்துக் கேட்டபோதும் நான்தான் போனை வாங்கிக் கதைச்சு, அவரைச் சாந்தப்படுத்தினனான்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. ஒருத்தரும் வரேல்லை. நான் மட்டும் நிக்காட்டி அண்டைக்கே அவனைக் கொண்டுபோயிருப்பாங்கள்."

"அவனைக் கொண்டுபோகேல்லை," என்றாள் மயூரி.

இராசமலர் ரோர்ச்சைத் திருப்பி மருமகளைப் பார்த்தாள். வெளிச்சம் அந்தக் கண்ணில் பட்டது. உடனே ரோர்ச்சை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மா பழந்துணியைப் பெற்றோலில் தோய்த்துக் கொளுக்கிகளைக் கழுவினார். மூலைமுடுக்கெல்லாம் துடைத்தார். பிறகு விரலால் தட்டிப் பார்த்தார். கொளுக்கி டிக்கென்று வெளியே வந்தது, டிக்கென்று உள்ளே போனது.

"இனிக் கொஞ்சம் கிறீஸ் வைப்பமே?" என்றாள் இராசமலர். "வறண்டு போய்க் கிடக்குது. பாக்கவே பாவமாய் இருக்குது."

"வேண்டாம் அக்கா. இது வழுக்கவேண்டிய இடமில்லை."

மூடியைப் பூட்டி நட்டுகளை இறுக்கினார். காலை ஊன்றி இழுத்தார். இந்தமுறை கயிறு லேசில் வரவில்லை. அம்மாவின் தோள் குலுங்கியது. எஞ்சின் ஒருமுறை இருமியது. மறுபடி இழுத்தார். கராஜ் முழுக்க அதிர, மெஷின் கத்திக்கொண்டு எழும்பியது. குழந்தை வீரிட்டது.

அம்மா மெஷினை வெளியே தள்ளிக்கொண்டு போனார். பனி வில்லுப்போல வளைந்து ஒரு பக்கமாகப் பறந்தது. இராசமலர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து றோட்டுவரை ஒரே கோடாகப் போய், பனி தள்ளாமல் மெஷினை உருட்டிக்கொண்டு அதே வழியால் திரும்பி வந்தார். வந்ததும் நிறுத்திவிட்டார்.

"என்னம்மா, நிப்பாட்டிப் போட்டீங்கள்? இன்னும் ரெண்டுதரம் போய் வந்தாத்தானே கார் வர அகலம் காணும்?"

"கார் வாறதுக்கில்லை," என்றார் அம்மா, கையுறையைக் கழற்றியபடி. "நீங்கள் நடந்து போறதுக்கு."

"நானோ? நான் மட்டுமோ?"

அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

இராசமலர் குசினிக் கதிரையில் உட்கார்ந்தாள். வந்த வேலை முடியாமல் எப்படிப் போவது? மயூரி எதிரே இருந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் றோட்டில் காரின் வெளிச்சம் வந்து நின்றது. கார்க்கதவு சாத்தப்பட்டது. பனியை வெட்டி எடுத்த ஒற்றைப் பாதையில் சப்பாத்துச் சத்தம் நெருங்கி வந்தது.

மணி அடித்தது.

"நான் சொன்னனான்தானே, மணி அடிப்பான் எண்டு," என்றாள் இராசமலர். யாரும் மறிக்குமுன் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள். அது அவளுக்குக் கைப்பழக்கம். எந்த நிலையில் வந்தாலும் அவனுக்குக் கதவு திறப்பவள் அவள்தான்.

நிரூபன் படியில் நின்றான். தலையில் பனி. கையில் குழந்தைக்கு ஒரு துணிக்கரடி. கண் சிவந்திருந்தது. அழுததால் என்று இராசமலர் நினைத்தாள். அவன் வாய் திறந்தபோது சாராயம் மணந்தது.

"அம்மா, குளிருது. எங்க அவ?"

"இருக்கிறாள், ராசா. நீ கத்தாதை. நான் கதைச்சுக் கூட்டிக்கொண்டு வாறன்."

அவன் தாயின் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தான். குசினியில் மயூரி எழுந்து நிற்பது தெரிந்தது. குரல் மாறியது.

"ஏய், என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஊர்ச்சனம் முழுக்க என்னைப் பாத்துச் சிரிக்குது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாடி!"

துணிக்கரடி பனியில் விழுந்தது. அவன் ஒரு படி ஏறினான். இராசமலர் வெளியே இறங்கி அவன் நெஞ்சில் ஒரு கையை வைத்தாள். மற்றக் கையைப் பின்னால் நீட்டிக் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், சாத்திவிடாதபடி.

"அம்மாவைப் பார், ராசா. என்ர குஞ்செல்லே. கோபப்படாதை."

பின்னால் கதவு அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ தள்ளினார்கள். விரல்கள் நசிந்தன. தள்ளியது நின்றது. திரும்பிப் பார்த்தாள். கையகல இடைவெளியில் மயூரியின் முகம். ஒரு கையில் குழந்தை. மற்றக் கை தாழ்ப்பாளில்.

"கதவை விடாதேங்கோ அம்மா," என்றான் நிரூபன். "அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

மயூரிக்குப் பின்னாலிருந்து திலகேஸ்வரி அம்மாவின் குரல் வந்தது. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டுமா என்று கேட்கிற அதே குரல்.

"கையை எடுங்கோ, அக்கா."

"அம்மா, நான் இவனைப் பெத்தவள்."

"தெரியும். கையை எடுங்கோ."

நிரூபனின் நெஞ்சு அவள் உள்ளங்கையின் கீழ் தடதடவென்று அடித்தது. அவன் இன்னொரு படி ஏறினான். அவள் விலகவில்லை. படியை அடைத்துக்கொண்டு நின்றபடியே, பின்னால் நீட்டியிருந்த கையை மட்டும் எடுத்தாள்.

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் முதல்தரம் துளையில் போய்ச் சேரவில்லை, இரும்பில் இரும்பு தட்டியது. இரண்டாம் தரம் உள்ளேயிருந்து அது விழுந்து இறுகும் சத்தம், வெளியே தாய்க்கும் மகனுக்கும் தெளிவாகக் கேட்டது.